இன்னும் இரண்டு அங்குலம்

அக்டோபர் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் பள்ளத்தாக்கை மூடியிருந்த பனி ஒன்பது மணியளவில் விலக, இளவெயில் பரவியது. கோழிப் பண்ணைகளின் வாடையைச் சுமந்துகொண்டு தென்மேற்குக் காற்று மிதமாக வீசியது. இத்தகைய இனிய நாளில் வெர்லின் டக்கெட் தமது பிக்கப் வண்டியைச் சாலையில் நேராகவே செலுத்திக்கொண்டிருந்தார். ஆயினும், ஸ்டியரிங் மட்டும் கால் வட்டம் திரும்பியே நின்றது.

"மச்சான், வண்டி நேராத்தானே போகுது? இது ஏன் கோணையா நிக்குது?"

பக்கத்து இருக்கையில் இருந்தவர் அவருடைய அக்காவின் கணவர் ஹாய்ட். ஆர்கன்சா மலைப்புறத்து அச்சிற்றூரின் வண்டிகளுள் பாதியைத் தமது கொட்டகையில் பிரித்தவர். பிரித்தவற்றுள் சிலவற்றை மீண்டும் பூட்டியவர்.

"கோணையா இருக்கிறது உன் கண்ணு மாப்ளே."

"அப்ப நான் தலையைச் சாய்ச்சுக்கிட்டா ஓட்டணும்?"

"உசத்துனா அப்படித்தான் இருக்கும். மனுஷனும் அப்படித்தானே? கொஞ்சம் உசந்துட்டான்னா நேரா நிக்க மாட்டான்."

வெர்லினின் வண்டி ஏற்கெனவே ஆறு அங்குலம் உயர்த்தப்பட்டது. ஐந்தாண்டுகளாக அவ்வுயரத்தில் அவர் மனநிறைவுடன் வாழ்ந்து வந்தார். அந்த மனநிறைவு முந்தைய நாள் காலையில் குலைந்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில், வண்டியில் அமர்ந்தபடியே காபி வாங்கிச் செல்லும் சிறு கடை ஒன்று இருந்தது. அதன் ஜன்னலில் நின்று காபி கொடுப்பவள் ரோவீனா. நாற்பத்தேழு வயதான, தனிக்கட்டையான வெர்லின் நாள்தோறும் அந்த ஜன்னலுக்குச் சென்று, "பெரிசு. கறுப்பு. சர்க்கரை வேணாம்" என்று கூறுவார். மூன்றாண்டுகளில் அவர் அவளிடம் பேசியது இவ்வளவே. திங்கட்கிழமை அவருக்கு முன்னால் நின்றது வெல்டிங் பட்டறை ராண்டலின் வண்டி; எட்டு அங்குலம் உயர்த்தப்பட்டது. ரோவீனா இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே வந்து, "ஆத்தாடி, எம்மாம் உசரம்!" என்று கூறி விழுந்து விழுந்து சிரித்தாள். வெர்லினிடம் அவள் ஒருநாளும் அவ்வாறு சிரித்ததில்லை.

தமக்கும் ராண்டலுக்கும் உள்ள வேறுபாட்டை வெர்லின் நுணுகி ஆராய்ந்தார். அது இரண்டு அங்குலம் என்ற முடிவுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை தீயணைப்புத் தொண்டர்களின் கெளுத்தி மீன் விருந்து. ஊரே இணை இணையாக அமர்ந்து உண்ணும் அவ்விருந்தில், ஆண்டுதோறும் வெர்லின் தண்ணீர்க் குழாய்ச் சுருளுக்கு அருகில் தனியாக அமர்ந்து மீன் தின்றார். இவ்வாண்டு ரோவீனாவை அழைத்துச் செல்வது என்று உறுதி பூண்டிருந்தார். விருந்துக்கு முன் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு முன் உயர்ந்தாக வேண்டும். திங்கள் இரவே ஹாய்ட் அவருடைய வண்டியை இன்னும் இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலையே ஹாய்ட் கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் தண்டைச் சற்று நீட்டினார். ஸ்டியரிங் நேரானது.

"பாத்தியா? தேவாலயத்துக்குப் போற மாதிரி நிக்குது" என்றார் ஹாய்ட்.

புதன்கிழமை காலை, வெர்லின் முகம் மழித்து, புதுத் தொப்பி அணிந்து, காபிக் கடைப் பாதையில் நுழைந்தார். ஜன்னலுக்குச் சற்று முன்பாக ஒரு வேகத்தடை உண்டு. முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறி இறங்கிய கணத்தில், வண்டி யாருடைய அனுமதியையும் கோராமல் வலப்பக்கம் பாய்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தபோது, ஜன்னலுக்கும் அவருக்கும் இடையே ஒரு மாடு தாராளமாக நடந்து போகலாம்.

ரோவீனா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இன்னிக்கு எங்கமேல கோபமா?"

"இல்லைங்க... வண்டி..."

அவள் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீண்ட மரத் துடுப்பின் முனையில் காபியை வைத்து நீட்டினாள். வெர்லின் கதவுக்கு வெளியே பாதி தொங்கி அதைப் பற்றினார். இதுவே தருணம் என்று அவருக்குத் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை..." என்று தொடங்கினார்.

"வெள்ளிக்கிழமையும் கறுப்புத்தானே? சர்க்கரை இல்லாம?"

"ஆமாங்க" என்றார் வெர்லின்.

ஹாய்ட் இதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"காரணம் தெரிஞ்சுபோச்சு மாப்ளே. உசத்துனதுல அந்தத் தண்டு ரொம்பச் செங்குத்தாயிடுச்சு. அதோட மேல் நுனியைப் பிடிச்சிருக்கிற கை இருக்குல்ல, அதைக் கழட்டிட்டு நீளமா ஒண்ணு போட்டா நுனி கீழ இறங்கிடும். தண்டு சாந்தமாயிடும்."

"வேற ஏதாச்சும் கோவிச்சுக்குமா?"

"எது கோவிச்சுக்கும்?"

கோபித்துக்கொள்ள ஒன்று இருக்கத்தான் செய்தது. முன் அச்சு பக்கவாட்டில் நகராதபடி அதை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கும் மற்றொரு தண்டு உண்டு. இவ்விரு தண்டுகளும் ஒரே சாய்வில் நின்றால்தான் மேடுபள்ளங்களில் வண்டி நேர்வழி செல்லும். ஹாய்ட் ஒன்றைச் சாய்த்தார், மற்றொன்றை மறந்தார்.

வியாழக்கிழமை காலை வேகத்தடையில் ஏறிய வண்டி, இம்முறை இடப்பக்கம் பாய்ந்தது. ஜன்னலின் கீழே அறுவடைக் காலத்து அலங்காரமாக வைக்கோல் கட்டின்மீது ஏழு பூசணிக்காய்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் இரண்டு மட்டுமே உயிர் பிழைத்தன. ரோவீனாவின் புருவத்தில் ஒரு பூசணி விதை ஒட்டியிருந்தது.

"நேத்து அந்தப் பக்கம், இன்னிக்கு இந்தப் பக்கம்" என்றாள் அவள், அந்த விதையை எடுத்துப் பார்த்தபடி. "நடுவுல நிக்கிற பழக்கமே இல்லையா உங்களுக்கு?"

"நான் அஞ்சு பூசணிக்காய் வாங்கித் தந்துடுறேங்க."

"வேற எதுவும் சொல்றதுக்கு இல்லையா?"

வெர்லினுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆனால் பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. "பெரிசு. கறுப்பு" என்றார்.

அன்று பகல் முழுவதும் கொட்டகையில் வசைமாரி பொழிந்தது.

"மச்சான், ரெண்டு தண்டும் ஒரே சாய்வுல இருக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். எல்லாத்தையும் ஒரே நாள்ல சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல."

ஹாய்ட் பழைய கலப்பையின் இரும்பிலிருந்து ஒரு தாங்கியை வெட்டிச் செய்து, இரண்டாம் தண்டின் மேல்முனையையும் கீழே இறக்கினார். தண்டுகள் இரண்டும் சமாதானமடைந்தன. ஆனால் தாங்கியில் இட்ட துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக அமைந்துவிட்டது. இதன் விளைவு யாதெனில், நெடுஞ்சாலையில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் குளிர்ஜுரம் கண்டவை போல உதறத் தொடங்கின. ஸ்டியரிங் வெர்லினின் கைகளை உதறிற்று. இருக்கை ஹாய்ட்டை உதறிற்று. ஹாய்ட்டின் பொய்ப்பல் டாஷ்போர்டில் வந்து விழுந்தது.

"நித்துதா! நித்துதா!" என்று ஹாய்ட் அலறினார்.

வண்டியை நிறுத்தியபின், பல்லை மாட்டிக்கொண்டு, "பயப்படாதே. உதறலை அமுக்கறதுக்கு ஒரு ஷாக் அப்சார்பர் போட்டா போதும்" என்றார்.

"அதோட ஒழிஞ்சிடுமா?"

"ஒண்ணு போட்டா பாதி ஒழியும். அதனால ரெண்டு போடுவோம்."

இரண்டு போடப்பட்டன. உதறல் அடங்கியது. அத்துடன் ஸ்டியரிங்கும் அடங்கியது. அதைத் திருப்புவதற்கு இரு கைகளும் ஒரு முழங்காலும் தேவைப்பட்டன. திருப்பிய பின் அது தானாகத் திரும்பி வர மறுத்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் வெர்லின் தம் வீட்டு வாசலிலிருந்து வெளியேறுவதற்குள் தபால்பெட்டியை ஒருமுறையும் வேலியை ஒருமுறையும் இடித்தார்.

"நேராப் போற வரைக்கும் ஒரு கவலையும் இல்ல" என்று ஹாய்ட் பின்னாலிருந்து கத்தினார். "திரும்பாதே, அவ்வளவுதான்!"

விருந்து ஆறு மணிக்கு. வெர்லின் வியர்வையில் குளித்தபடி காபிக் கடையை அடைந்தார். பாதையின் முகப்பில் நேற்றுவரை இல்லாத ஒன்றை, அவர் பார்ப்பதற்கு முன்பாகவே அவருடைய வண்டியின் கூரை உணர்ந்துகொண்டது.

டங்!

இரண்டு சங்கிலிகளில் மஞ்சள் நிறக் குழாய் ஒன்று குறுக்காகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதைவிட உயரமான வண்டி உள்ளே நுழைய இயலாது.

வெர்லின் பின்னால் எடுக்க முயன்றார். பின்னால் மூன்று வண்டிகள் நின்றன. பக்கவாட்டில் ஒடிக்க முயன்றார். ஸ்டியரிங் அசையவில்லை.

"யோவ், போறியா, இல்ல அங்கேயே குடியிருக்கப் போறியா?" என்றது ஒரு குரல்.

ஐந்தாண்டுகள் குறையொன்றுமில்லாமல் இருந்த வண்டியை இரண்டு அங்குல ஆசைக்காகக் கெடுத்து, அந்த இரண்டு அங்குலத்தாலேயே ஜன்னலையும் இழந்தோமே என்று அவர் நெஞ்சு வெதும்பியது. வேறு வழியின்றிக் கதவைத் திறந்து, தரை எங்கிருக்கிறது என்று ஒருமுறை பார்த்து, குதித்தார். கடைக்குள் நடந்தார். அவர் அக்கடையின் கதவைத் திறந்தது அதுவே முதன்முறை.

உள்ளே, அடுப்பருகில் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் ட்வைலா, கடையின் முதலாளியம்மாள். ஜன்னலருகே நின்ற ரோவீனா திரும்பினாள். மூன்றாண்டுகளாக மேலிருந்தே பார்த்துப் பழகிய முகம், இப்போது நேருக்கு நேராக இருந்தது. அவளுக்கு இடது கன்னத்தில் குழி விழும் என்பதையே வெர்லின் அன்றுதான் அறிந்தார்.

"அட! உங்களுக்குக் கால்கூட இருக்கா?" என்றாள் அவள்.

"பெரிசு..." என்று பழக்கத்தால் தொடங்கிய வெர்லின், நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். "காபி வேணாம். கெளுத்தி மீன். தீயணைப்பு நிலையத்துல. ஆறு மணிக்கு. நீங்களும் வந்தா... நான் அந்தக் குழாய்ச் சுருள் பக்கத்துல உக்கார வேண்டியிருக்காது."

ரோவீனா ஜன்னல் வழியே அவருடைய வண்டியை எட்டிப் பார்த்தாள்.

"உங்க வண்டியில ஏற மாட்டேன்."

"நானும் ஏற மாட்டேங்க."

"அப்ப நடந்தே போலாம். ரெண்டு தெருதானே? இருங்க, ஏப்ரனைக் கழட்டிட்டு வர்றேன்."

அவள் உள்ளறைக்குள் சென்று மறைந்தாள். வெளியே மூன்று ஹாரன்களும் ஒருசேர ஒலித்தன. வெர்லினின் காதில் அவை விழவில்லை. அவர் முகமெல்லாம் சிரிப்பாக ட்வைலாவிடம் திரும்பினார்.

"கூத்தைப் பாத்தீங்களாக்கா? இந்த வாரம் ரெண்டு அங்குலம் உசத்தித் தொலைச்சேன். அது மட்டும் இல்லேன்னா குழாய்க்கு அடியில சுளுவா நுழைஞ்சு போயிருப்பேன்."

"ரெண்டு அங்குலமா? போ தம்பி, நீ இறங்கி உள்ள வரணும்னு, உன் பழைய உசரமே நுழையாதபடி அளவெடுத்து, அந்தக் குழாயை மூணு வாரத்துக்கு முன்னாடியே ரோவீனாதான் செய்யச் சொன்னா, தன் வண்டியும் நுழையாதேன்னு இழுத்தடிச்ச ராண்டல்கிட்ட, அவன் வர்றப்பல்லாம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசித்தான் வேலையை வாங்கினா" என்றாள் ட்வைலா, மாலை நான்கு மணி முப்பத்தேழு நிமிடத்தில்.