கலைக்கும் படத்துக்கும் நடுவே ஒரு 'ப்'

குடித்துக் கெட்டவர்கள் உண்டு. சீட்டாடிக் கெட்டவர்கள் உண்டு. போர்வெல் போடும் ரிக் வண்டி வாங்கிக் கெட்டவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவராவது உண்டு. மல்லசமுத்திரம் சுற்றுவட்டாரத்திலேயே உலக சினிமா பார்த்துக் கெட்டவன் நான் ஒருவன்தான். அதிலும் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். உருப்படியாகப் பார்த்துக்கூட நான் கெடவில்லை. பார்க்கப்போகிறேன் என்று திட்டம் போட்டே கெட்டேன்.

அந்தக் கார்த்திகையில் எனக்குப் பெண் அமைந்திருந்தது. 'அமைந்திருந்தது' என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பின்னால் இருக்கும் பாட்டை எங்கள் பக்கத்துப் பையன்களைக் கேட்டால்தான் தெரியும். தோட்டம், பண்ணை என்று ஊரோடு கிடப்பவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. எங்களுடையது கோழிப்பண்ணை வேறு. (கோழி என்று போனில் சொன்னதுமே எதிர்முனையில் மூக்கைப் பொத்துவது எனக்குக் கேட்கும்.) ஜோசியரே எங்கள் அம்மாவைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிப் போக ஆரம்பித்திருந்த நேரத்தில்தான், கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து சுகந்தியின் ஜாதகம் வந்தது.

பெண் பார்க்கப் போனோம். எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். எதிரே ஏற்காடு மலை. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுகந்தி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வாயடைத்து நிற்கும் பையன்களைப் பார்த்துப் பழகியவர். அவரே ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எதுலைங்க ஆர்வம்?"

கோழியில் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். "உலக சினிமாங்க" என்றேன்.

அதுவரை நான் பார்த்திருந்த உலக சினிமா மொத்தம் ஒன்றரை. அந்த அரையிலும் கரண்ட் போய்விட்டது.

"அப்படீங்களா! எனக்கும் ஆசைதானுங்க. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. நீங்க சொல்லிக் குடுங்க, கண்ணாலத்துக்கு அப்பறம் ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து பாக்கலாம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் நான் தொபுக்கென்று விழுந்துவிட்டேன். என் பிழைப்பில் முதல்முறையாக ஒரு பெண் என்னோடு சேர்ந்து ஒரு காரியம் செய்ய ஆசைப்படுகிறாள். கிழக்கே மேற்கே தெரியாமல் மாடிப்படி இறங்கினேன். இரண்டு வீட்டாருக்கும் பிடித்துப்போனது. மார்கழியில் நல்ல காரியம் பேசக் கூடாது, தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி, சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டு வந்தோம்.

ஆக, எனக்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் உலக சினிமாவைக் கரைத்துக் குடித்தாக வேண்டும். உட்கார்ந்து திட்டம் போட்டேன். மார்கழி முழுக்கத் தினம் ஒரு கலைப்படம். முதலில் ஈரான், பிறகு ஜப்பான், அப்படியே லத்தீன் அமெரிக்கா, கடைசியில் நம் நாட்டுச் சுயாதீனப் படங்கள். பண்ணையில் முட்டை அடுக்கும் அறையைக் காலி செய்து தியேட்டர் ஆக்கினேன். சன்னலுக்குத் தீவனச் சாக்கு. எதிரொலி வராமல் இருக்கச் சுவரெங்கும் முட்டை அட்டை. திரைக்கு அப்பாவின் புது வேட்டி. இத்தனைக்கும் மேலே சவால் என்றால் சில விதிகள் வேண்டும் அல்லவா? வேறு எந்தப் படமும் பார்க்கக் கூடாது. கைபேசியை அணைத்துப் பீரோவில் பூட்டிவிட வேண்டும். சுகந்தியிடமும் மூச்சு விடக் கூடாது. தை பிறந்ததும் ஞானியாகப் போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். (சர்ப்ரைஸாம்! என்னை அப்போதே யாராவது கட்டி வைத்து உதைத்திருக்கலாம்.)

முதல் நாள் படத்தில் ஒரு பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தேன். அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். வெயில் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

இன்னொரு நாள் அப்பா உள்ளே வந்தார். வேட்டியில் ஒரு சுவர் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. நெடுநேரமாகவே அதுதான் தெரிந்துகொண்டிருந்தது.

"நெட்டு நின்னு போச்சாட்ட இருக்குது. அணைச்சுப் போட்டுப் பாரு."

"நிக்கலீங்கப்பா. டைரக்டர் செவுத்தக் காட்டறாரு."

"செவுத்தக் காட்டறதுக்கு ஒரு ஆளு, அதைப் பாக்கறதுக்கு ஒரு ஆளா?" என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஓதம் ஏறியிருக்குது. பூச்சு ஒக்கப் பேந்துரும்" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தண்ணி விடப் போனார்.

இப்படி நான் தூங்கியும் விழித்தும் ஞானம் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அந்த வினை வந்து சேர்ந்தது. கல்யாண பேனரில் போடுவதற்காகச் சுகந்தி ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்து, அம்மாவின் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் அம்மாவுக்குப் போட்டோவும் படம்தான், சாமி மாடத்தில் மாட்டியிருப்பதும் படம்தான், சினிமாவும் படம்தான். என் வருங்கால மாமியார் லைனில் இருக்க, ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டே அம்மா கதவைத் திறந்தார். என் காதில் ஹெட்போன். வாயில் கடலை உருண்டை.

"ஏஞ் சாமி, படம் பாத்தியா? எது நல்லா இருக்குதுன்னு அவங்கம்மா கேக்கறாங்க."

எனக்குக் கேட்டது 'படம் பாத்தியா' மட்டும்தான். ஊரில் புதிதாக ஏதோ மசாலாப் படம் வந்திருக்கிறது, அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தன தடவ சொல்றது? இந்த மாசம் பூரா நான் கலைப்படம் மட்டுந்தான் பாப்பேன். வேற எந்தப் படத்தையும் ஏறெடுத்தும் பாக்க மாட்டேன். கொண்டு போ அக்கட்ட!"

பள்ளிக்கூடத்தில் தமிழய்யா வல்லினம் மிகும் இடங்களைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். 'கலைப்படம்' என்றால் சினிமா. நடுவில் இருக்கும் 'ப்' விழுந்துவிட்டால் அது கலை என்கிற ஒரு பெண்ணின் போட்டோ. என்னுடைய 'ப்' கடலை உருண்டையில் ஒட்டிக்கொண்டது.

போனில் அந்த அம்மாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "செரிங்க, அப்பறம் பேசறேனுங்க."

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது நான் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

எங்கள் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மாட்டார். நேராகச் சித்தியிடம் போனார். அக்காளும் தங்கையும் சேர்ந்து ஊரில் இருக்கிற கலைகளை எல்லாம் சலித்தெடுத்தார்கள். நர்ஸ் கலைச்செல்வி பேரன் எடுத்தவர். அவருடைய வீட்டுக்கே போய், ஒன்றும் கேட்காமல், மூன்று முறை காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். கலையரசி என்று ஒரு பிள்ளை இருந்தாள், அவள் மூன்றாம் வகுப்பு. டிராக்டர் மெக்கானிக் கலைமணியைக்கூட விடாமல் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முறுக்கிய மீசை.

வேறு வழியில்லாமல் ஒரு நாள் சாப்பாடு போடும்போது அம்மா மெல்ல ஆரம்பித்தார்.

"கலை… நல்லா இருக்குமா சாமி?"

அம்மாவுக்குக்கூட ரசனை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே புல்லரிப்பு. "மொதல்ல பாக்கறப்ப ஒண்ணுமே தோணாதும்மா. பொறுமையாப் பழகணும். பழகிட்டா உட முடியாது."

"பேச்செல்லாம் எப்படி?"

"பேச்சே இல்லைன்னு வெய்யி. எல்லாம் பார்வைதான்."

அம்மா ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினார். "எத்தன நாளா இது?"

"ஆசை காலேஜுல இருந்தே இருக்குது. இப்பத்தான் அமைஞ்சுது."

"நம்ம சனந்தானா?"

"நம்ம சனத்துக்கு இதெல்லாம் எங்கம்மா புரியுது? நமக்கு ஒத்தே வராது."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அடுப்படியில் விசும்பும் சத்தம் கேட்டது. வெங்காயம் அரிகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் மோரை வாங்கி நானே ஊற்றிக் குடித்தேன். அப்படிப்பட்ட மாடு நான்.

தை பிறந்தது. பொங்கல் வைத்த கையோடு பீரோவைத் திறந்து கைபேசியை எடுத்தேன். முகமெல்லாம் பல்லாக, "நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "எந்த மொகத்த வெச்சுக்கிட்டுச் சாமி குறிக்கறது? அவங்கதான் அன்னைக்கே வேண்டாம்னுட்டாங்களே. நீ அந்தக் கலையையே கட்டிக்க."

"எந்தக் கலை?"

அதற்குப் பிறகு நடந்த கூத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. விஷயம் புரிந்ததும் பைக்கை எடுத்தேன். மல்லசமுத்திரம், சேலம் எல்லாம் எப்படிக் கடந்தேன் என்றே தெரியாது. வழியெல்லாம் 'ப்ப்ப்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சுகந்தி வாசலில் கோலத்துக்கு மேல் வைத்திருந்த செங்கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். சவால், விதிகள், முட்டை அறை, சுவரைக் காட்டிய படம், ஹெட்போன், கடலை உருண்டை, வல்லினம் மிகும் இடம். கலை என்று யாருமே இல்லை என்று எங்கள் குலசாமி மேல் சத்தியம் செய்தேன். எல்லாம் உங்களுக்காகத்தான் என்றேன்.

அவர் செங்கல்லைக் கீழே வைத்தார். நான் முடித்ததும் கேட்டார்.

"அப்ப, மாசம் பூரா நான் போன் அடிச்சப்பவெல்லாம், நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"செவுரு மட்டும் இல்லீங்க. ஒரு பெரியவரும் இருந்தாருங்க."

(ஐயோ, அந்த இடத்தில் அதைச் சொன்னவன் நான்தான்.)

"ஒரு பொண்ணு இருந்திருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்குமுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "மார்கழின்னுகூடப் பாக்காம எனக்கு எடப்பாடிப் பக்கம் பேசி முடிச்சுட்டாங்க. போயிட்டு வாங்க. பாத்து ஓட்டுங்க."

பாத்து ஓட்டுங்க என்று சொன்னாரே, அதை நினைத்துக்கொண்டு ஏற்காடு அடிவாரத்தில் பைக்கை நிறுத்தி அழுதேன். மலைக்கு ஜோடி ஜோடியாகப் போன கூட்டம் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்காவது உண்மையை நிரூபித்துவிட வேண்டும் என்று வெறி வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முட்டை அறையில் உட்கார வைத்தேன். நாற்காலிப் பெரியவர் படத்தையே போட்டேன். அம்மா முழுதாகப் பார்த்தார். (நான் வழக்கம்போலத் தூங்கிவிட்டேன்.) முடிந்ததும் என்னை எழுப்பினார்.

"இதைப் பாக்கறதுக்குத்தான் மாசம் பூராக் கதவச் சாத்திக்கிட்டியா? பொய் சொல்றதுன்னாலும் நம்பற மாதிரிச் சொல்லு சாமி."

அவ்வளவுதான். அன்றைக்கு உறுதியானது அவருக்கு. கலை இருக்கிறாள். எந்த ஊர், என்ன சனம் என்று நான்தான் மறைக்கிறேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. தலையில் முடியும் அதோடு ஓடிவிட்டது. சுகந்திக்குப் பிறகு எனக்கு ஒரு வரனும் தகையவில்லை. சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்தில் ஒரு இலையைச் சேர்த்துப் போட்டு, "இது கலைக்குங்க, யாரும் உக்காராதீங்க" என்று சித்தப்பா பையன்கள் சத்தம் போடுவார்கள். பந்தியே சிரிக்கும். பரிமாறுகிறவர் அந்த இலையிலும் ஒரு ஜாங்கிரி வைத்துவிட்டுப் போவார். நானும் சிரித்துக்கொண்டே அதையும் எடுத்துத் தின்பேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, பட்டுச் சேலையைக்கூட மாற்றாமல் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"ஏஞ் சாமி, அந்தக் கலைக்குக் கண்ணாலம் ஆயிருச்சா?"

"அம்மா…"

"இல்ல, கோவிச்சுக்காத. எந்தச் சனமா இருந்தாலும் செரி. கண்ணாலமாயி, புருசன் இல்லாம ஒத்தையா இருந்தாலும் செரி. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். எனக்கப்பறம் உனக்கு ஒரு வாய் சோறு போட ஆளு வேணுமல்லோ. ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு கண்ணு."

அப்படி ஒருத்தி இல்லவே இல்லையம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். தன் மகனை நினைத்துக்கொண்டு எங்கேயோ ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பில் அவர் முகம் அவ்வளவு ஆவலாக இருந்தது.

"கேட்டுப் பாக்கறேம்மா" என்றேன்.