பிஸ்கட் மாவும் மாமனாரின் பச்சை நாக்கும்

ஊர் உலகத்துக்கெல்லாம் ஏலக்காய் அனுப்புகிற போடிநாயக்கனூரில், ஏலக்காய் வியாபாரியின் வீட்டு டீயில் மட்டும் நல்ல ஏலக்காய் இருக்காது. பெரிய காயெல்லாம் மூட்டை கட்டி வடக்கே போய்விடும். வெடித்தது, சுருங்கியது, வெளுத்துப்போனது, ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காதது எல்லாம் வீட்டு டப்பாவுக்கு வந்து சேரும். விவரம் தெரிந்த நாள் முதல் நான் குடித்தது அந்த டீதான். பிறகு விடுதியில் தங்கிப் படித்தேன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றதும் லேப்டாப்போடு ஊருக்கே திரும்பி வந்தேன். இதற்கு நடுவில் அப்பாவின் கடைக்குள் போய் ஏலக்காயை ஒரு தடவைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஏலக்காய் வியாபாரி மகனுக்கு ஏலக்காய் தெரியாது என்றால் யாராவது நம்புவார்களா? நம்பவில்லை. அதில்தான் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் பெயர் நந்தினி. அவள் அப்பா தவமணி மாமாவுக்கு போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம், வீடும் அங்கேயே. பேச வந்த அன்று அவர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை. ஜாதகத்தையும் ஒப்புக்குத்தான் புரட்டினார். அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடையில கலர் கிலர் போடுற சோலி உண்டா?"

வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புதுக்காய் என்று விற்கிறவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. மாமா பாடுபட்டு விளைவித்த காயோடு எவனோ ஒருவன் சாயக்காயைக் கலந்து விற்று, அவர் தோட்டத்துக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்திருந்தான். அதனால் எங்கள் ஊரில் ஒருவனைத் திட்ட எத்தனையோ வார்த்தைகள் இருந்தாலும் அவருக்கு "கலர் போடுறவன்" என்பதுதான் உச்சம். அப்பா நெஞ்சில் கைவைத்து, "இன்னைய வரைக்கும் அதக் கையால தொட்டதில்ல" என்றார். சம்பந்தம் முடிந்தது. தீபாவளி கழித்து நிச்சயதார்த்தம் என்றார்கள். என்னை அன்று முதல் மாமா "மாப்ளே" என்றுதான் கூப்பிட்டார்.

நந்தினி புதிதாக ஒரு ஓவன் வாங்கியிருந்தாள். "ஏலக்கா போட்ட குக்கீஸ்னா எனக்கு உசுரு" என்று போனில் சொன்னாள். போதாதா? தீபாவளிக்கு எல்லாரும்தான் சேலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்தனுப்புகிறார்கள், நாம் வித்தியாசமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பினேன். (வாழ்க்கையில் என் தோல்விகள் எல்லாம் 'வித்தியாசமாக' என்ற சொல்லில் ஆரம்பித்தவை.) ஒரு வீடியோவில் ஒரு வெளிநாட்டு அம்மா, கண்ணாடி ஜாடிக்குள் மைதா, சர்க்கரை, பருப்பு என்று அடுக்கடுக்காகப் போட்டு, ரிப்பன் கட்டிப் பண்டிகைப் பரிசாகக் கொடுத்தாள். வாங்குகிறவர்கள் வெண்ணெய் சேர்த்துப் பிசைந்து சுட்டால் குக்கீஸ் தயார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "ஏன்டா, பலகாரம்னா செஞ்சு குடுக்கணும். வெறும் மாவக் குடுத்து, நீயே பெசஞ்சுக்க, நீயே சுட்டுக்கன்னா, அது பரிசா, வேல ஏவுறதா?"

"அது ஒரு ஃபேஷன்மா."

"கல்யாண வீட்டுல எலையில அரிசியையும் பருப்பையும் வச்சுட்டு, ஃபேஷன்னு சொல்லிப் பாரு. சட்டி பானையத் தூக்கி அடிப்பாய்ங்க."

நான் காதில் வாங்கவில்லை. மைதா, நாட்டுச் சர்க்கரை, உடைத்த முந்திரி, வெள்ளைச் சர்க்கரை என்று ஒவ்வொன்றாகப் போட்டு, டம்ளர் அடியால் தட்டிச் சமப்படுத்தினேன். முதல் ஜாடி குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட தெரு மாதிரி இருந்தது. போகப் போகக் கை பழகி, அடுக்குகள் அழகாக நின்றன. கடைசியில் மேலே முழு ஏலக்காய் போட வேண்டும். வீட்டு டப்பாவைத் திறந்து ஒரு பிடி தூவினேன். காய்ந்த வேப்பங்கொட்டையைக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது.

அப்பாவிடம் கேட்டிருந்தால் கடையிலிருந்து நல்ல காய் வந்திருக்கும். ஆனால் அவர் "எதுக்கு?" என்று கேட்பார். பிஸ்கட் மாவுக்கு என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனேன். அங்கே ரோட்டோரம், மலைக்குப் போகிற டூரிஸ்ட்டுகளுக்காக ஒருவர் ஏலக்காயும் மிளகும் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த காய் கிளிப்பச்சை நிறத்தில் பளபளத்தது. ஏலக்காய் என்றால் இதுவல்லவா ஏலக்காய் என்று நினைத்தேன்.

"தம்பிக்கு எந்தூரு?"

"போடிதான்ணே."

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "போடியேவா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு, என்ன நினைத்தாரோ, ஒரு கைப்பிடி கூடவே அள்ளிப் போட்டார். கொல்லன் தெருவில் ஊசி விற்க முடியாது என்பார்கள். அந்த மனிதர் அன்று கொல்லன் மகனுக்கே விற்றுவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு சீட்டு கட்டி, "எங்கள் கடை ஏலக்காய். தோலோடு இடித்துச் சேர்க்கவும்" என்று அழகாக எழுதினேன். குடும்பப் பெருமை கொஞ்சம் இருக்கட்டுமே என்றுதான். ஒன்றைச் சிலமலை அத்தைக்கும் ஒன்றைத் தேவாரம் சித்தப்பாவுக்கும் கொடுத்தேன். நந்தினி வீட்டு ஜாடியை, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் கொடுத்தனுப்பினேன்.

"என்னா தம்பி, ஊறுகாயா?" என்றார் ஜீப் டிரைவர்.

"குக்கீஸ் மிக்ஸ்ணே. ஆடாமக் கொண்டு போகணும்."

"ரோட்டுகிட்டச் சொல்லுங்க தம்பி" என்று வண்டியை எடுத்தார்.

தீபாவளியன்று மத்தியானம் மாமாவிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. வழக்கமாக ஊர்க்கதையெல்லாம் பேசுகிற மனிதர், "மகனக் கூட்டிக்கிட்டு வெரசா வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அப்பா குழம்பினார். எனக்குக் குழப்பமே இல்லை. குக்கீஸ் பிரமாதமாக வந்திருக்கிறது, நேரில் கூப்பிட்டுப் பாராட்டப்போகிறார்கள் என்று புதுச் சட்டையின் மேல் சென்ட் அடித்துக்கொண்டேன். இன்னொன்று கேட்டாலும் கேட்பார்கள் என்று மிச்சமிருந்த ஒரு ஜாடியையும் மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். வளைவுக்கு வளைவு அதை அணைத்துப் பிடித்துக்கொண்டே மலை ஏறினேன்.

மாமா வாசலிலேயே நின்றார்.

"வாங்க. உக்காருங்க தம்பி."

மாப்ளே காணாமல் போயிருந்ததை நான் உடனே கவனிக்கவில்லை. ஏனென்றால் அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பார்த்துவிட்டேன். அவர் வாய் திறந்தபோது உள்ளே நாக்கு பச்சையாக இருந்தது. லேசான பச்சை இல்லை, கட்சிக்கொடிப் பச்சை. நந்தினியின் அம்மா, என் வருங்கால அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நந்தினி சமையலறை வாசலில் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மேஜை மேல் பேப்பர் விரித்து, அதில் பச்சைப் பசேலென்று பிஸ்கட்டுகள். பக்கத்தில் என் ஜாடி. மலைச்சாரல் ஈரத்திலும் ஜீப்பின் குலுக்கலிலும் அடுக்கெல்லாம் ஒன்றாகி, மிச்ச மாவும் பாசி பிடித்தது போல இருந்தது.

"மாவு பச்சையா வந்ததும், பிஸ்தாவும் போட்டிருக்கும்னு நெனச்சு நந்தினி சுட்டுட்டா. மாப்ள குடுத்துவிட்டதாச்சேன்னு நானும் நாலு தின்னேன்" என்றார் மாமா. "தோட்டத்துல கணக்குப்பிள்ள, மொதலாளி நாக்குல என்னான்னு கேக்குறான். எங்காயில ஒரு பொட்டுச் சாயம் பட விட்டதில்ல நானு. இன்னைக்கு எந்நாக்குலயே ஏத்திப்புட்டீங்களே!"

அவர் எவ்வளவு கோபமாகப் பேசினாரோ அவ்வளவுக்கு நாக்கு வெளியே தெரிந்தது. சிரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில் நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா என் மடியிலிருந்த ஜாடியை வாங்கித் திறந்தார். ஒரு காயை எடுத்து, தண்ணீரில் நனைத்து, தீபாவளிப் புது வேட்டியில் தேய்த்தார். பச்சைக் கோடு விழுந்தது.

"இது நம்ம கடைக் காய் இல்லீங்க."

"அதுலயே எழுதிக் கட்டியிருக்கே. எங்கள் கடை ஏலக்காய்னு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று பயந்துபோய் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கல்யாணம் போய்விடுமே என்கிற கவலை எனக்கு அந்த நொடியில் இரண்டாவதாகிவிட்டது. நாளைக் காலை இந்தச் செய்தி ஜீப் ஜீப்பாக மலை இறங்கும். அப்பா ஒரு காயைக்கூடத் தலை நிமிர்ந்து விற்க முடியாது. வேப்பங்கொட்டை முதல் ரோட்டுக்கடை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமா அசையவில்லை. "கேக்குறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாய்ங்களாம். ஏலக்காக் கடக்காரர் மகன் ரோட்டுல காசு குடுத்து ஏலக்கா வாங்குனாராம்! அப்பாவக் காப்பாத்தப் பேசுறீங்க தம்பி."

"நெசமாத்தான் மாமா. எனக்கு ஏலக்காயே தெரியாது."

"அதையும் பாத்துருவோம். நந்தினி, ரெண்டு தட்டு கொண்டா."

இரண்டு தட்டு வந்தது. இரண்டிலும் அவர் தோட்டத்துக் காய். ஒன்றில் உருண்டு திரண்ட பச்சைக் காய்கள். இன்னொன்றில் சின்னதாய், வெளுத்து, வாய் பிளந்த காய்கள்.

"இதுல ஒசத்தி எது?"

நான் அவசரப்படவில்லை. பச்சையைக் கண்டு ஒருமுறை ஏமாந்தவன் மறுபடியும் ஏமாறுவேனா? மாமா பொறி வைக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு தட்டையும் மோந்து பார்த்தேன். (மோந்து பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. அப்பா அப்படிச் செய்வார்.) பிறகு வெளுத்த தட்டை நிதானமாக முன்னால் தள்ளினேன்.

"இதுதான் மாமா ஒசத்தி. பச்சையே இல்ல, அதனால சாயம் கிடையாது. சின்னதா இருக்கு, அதனால உரம் போடாதது. வாசனையும் எங்க வீட்டு டீ மாதிரியே இருக்கு."

அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அத்தையின் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அது அம்புட்டும் கழிவு மாப்ளே!" என்றார் மாமா. "விக்க முடியாம, எங்க வீட்டு டீக்கு ஒதுக்கி வச்சது!"

பிறகு சிரித்தார் பாருங்கள், அந்தப் பச்சை நாக்கு முழுதும் தெரிய, கண்ணில் தண்ணீர் வர, மேஜையைத் தட்டித் தட்டி. "எல்லா ஏலக்காக்காரன் வீட்டு டீயும் ஒண்ணுதேன்!" என்று அப்பாவின் முதுகில் ஒரு அறை விட்டார். அப்பா முகத்திலிருந்து கையை எடுத்து, "எம் மானம் போகலன்னு சந்தோசப்படுறதா, இப்படி ஒரு பிள்ளையப் பெத்தமேன்னு அழுகுறதா, தெரியலையே" என்றார்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏமாத்தணும்னா மொதல்ல சரக்கு தெரியணும். இவருக்கு அது கெடையாது. ஏமாத்துக்காரன் வீட்டுல பொண்ணக் குடுக்க மாட்டேன், ஏமாளிக்குக் குடுக்கலாம். எம்மக பாத்துக்கிருவா. டீயக் குடிங்க மாப்ளே."

மாப்ளே திரும்பி வந்துவிட்டது. அழுதுவிடுவேன் போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் நந்தினி அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் நாக்கும் பச்சை.

மறுநாள் மற்ற ஜாடிகளைத் திரும்ப வாங்க ஓடினேன். தேவாரம் சித்தப்பா சத்துமாவு என்று நினைத்துப் பாலில் கரைத்துக் குடித்திருந்தார். வயிறு லேசாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கொண்டா என்றார். சிலமலை அத்தை அதை அலங்காரப் பொருள் என்று ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டார். பிஸ்கட் மாவு என்று எவ்வளவு சொல்லியும் தர மறுத்துவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது, வருஷத்துக்கு வருஷம் பச்சை ஏறிக்கொண்டு.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அந்த இரண்டு தட்டு என்னை விடவில்லை. மாமா இப்போது காய் வாங்கி விற்கவும் செய்கிறார்; ஏலத்துக்குப் போனால் எனக்கு வீடியோ கால் வரும். இரண்டு காய்களைக் கேமராவுக்கு முன்னால் காட்டி, "எது மாப்ளே?" என்பார். நான் ஒன்றைச் சொல்வேன். அவர் நன்றி சொல்லிவிட்டு மற்றதை வாங்குவார். இதுவரை ஒருமுறைகூட நஷ்டம் வந்ததில்லையாம். சேலைக் கடையில் நந்தினி இரண்டு சேலையை என் முன் விரிப்பாள். நான் கைகாட்டியதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். தர்பூசணி முதல் வாஷிங் மெஷின் வரை எங்கள் வீட்டில் எல்லாம் இப்படி வாங்கியதுதான். அப்பாவும் இப்போது அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்.

போன தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது பொறுக்க முடியாமல் நந்தினியிடம் கேட்டேவிட்டேன். "நான் தேர்ந்தெடுத்தா தப்பாத்தான் இருக்கும்னா, உன்னையும் நான்தான தேர்ந்தெடுத்தேன்? அதுக்கு என்ன சொல்ற?"

எல்லாரும் நந்தினியைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்று வசமாக மடக்கிவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நந்தினி முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்க எங்கங்க எடுத்தீங்க? ரெண்டு தட்டு வச்சுப் பாத்து நாங்கதான உங்கள எடுத்தோம்" என்றாள்.