ஐந்தாவது லெவல் வக்கீல்

வக்கீல்களில் இரண்டு இனம் உண்டு. பி.எல். பாஸ் செய்தவர்கள் ஓர் இனம். அவர்களைப் பற்றி எழுதினால் நோட்டீஸ் வரும், நமக்கு வேண்டாம். நாம் பார்க்கப்போவது மற்றொன்றை. பி.எல். படித்துக்கொண்டே இருப்பவர். பாஸ் செய்த வக்கீலாவது சாயங்காலம் கோட்டைக் கழற்றிவிட்டு மனிதராகிவிடுவார். இவருக்கு அந்த ஓய்வும் கிடையாது.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். உச்சி வெயிலில் கறுப்புக் கோட்டு. கக்கத்தில் தலையணை பருமனுக்கு ஒரு சட்டப் புத்தகம். வாயைத் திறந்தால் "சட்டப்படி பார்த்தால்". நீங்கள் பால் கறக்கப் போனாலும் சரி, பல் பிடுங்கப் போனாலும் சரி, சட்டப்படி பார்த்துவிட்டுத்தான் உங்களை விடுவார்.

சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததே, அந்தச் சமயத்தில் எங்கள் பாலகாட் சுரங்கத் தொழிலாளர் லைனில் இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் சாம்ராஜ். சோறு குழைந்துவிட்டால் குழைந்துவிட்டது என்று சொல்லமாட்டார்; இந்தச் சோற்றின் தற்போதைய நிலைக்கு யார் பொறுப்பு என்று கேட்பார். நேரத்துக்குச் சாப்பிட வராதவர்தான் பொறுப்பு என்று அவர் தங்கை ஐடா அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். மாதா கோயிலில் கல்யாணம் நடக்கும். இந்த விவாகத்துக்குத் தடை சொல்பவர் உண்டா என்று பாதிரியார் கேட்பார். சாம்ராஜ் தொண்டையைக் கனைப்பார். மாப்பிள்ளைக்கு வேர்த்துவிடும், பெண்ணின் அப்பா பாதி எழுந்துவிடுவார், பாதிரியார் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். ஒன்றுமில்லை. வெறும் கனைப்புதான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, லைன் ஜனங்கள் போட்ட மாலையோடு மதராஸுக்கு ரயில் ஏறுவார். பரீட்சை எழுதுவார். திரும்பி வருவார். ஒரு வருஷம் மை சரியில்லை. ஒரு வருஷம் பேப்பர் திருத்தியவர் சரியில்லை. ஒரு வருஷம் ரோமாபுரிச் சட்டத்தில், ஒருவனுடைய அடிமை இன்னொருவனுடைய எருதைத் திருடினால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டார்கள். இவர் அடிமையை விட்டுவிட்டு எருதைத் தண்டித்துவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் இப்படி ஐந்து தடவை தவறியவரைத் தெருவில் போகவிடுவார்களா? எங்கள் ஊர் வேறு மாதிரி. இங்கே தங்கச் சுரங்கத்தில் மண்ணுக்கு அடியில் முதல் லெவலில் வேலை செய்பவனைவிட மூன்றாவது லெவலுக்கு இறங்குகிறவனுக்கு மதிப்பு அதிகம். ஆழத்துக்குப் போனவன் அதிகம் கண்டவன். பி.எல்.லும் கீழே இறங்குகிற ஒரு சுரங்க ஷாஃப்ட் மாதிரிதான் என்று லைன் ஜனங்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு தடவை தவறும்போதும் சாம்ராஜ் ஒரு லெவல் கீழே இறங்கியதாகக் கணக்கு. அவரும் மறுக்கவில்லை. யார்தான் மறுப்பார்கள்?

அந்தச் சமயத்தில்தான் முனியப்பன் மாட்டிக்கொண்டான். முனியப்பன் சுரங்கத்தில் கல் உடைப்பவன். வீடு வீடாகச் சோதனை போட்ட கம்பெனி வாட்ச்மேன்கள் அவன் கதவண்டை ஒரு கல்லைப் பார்த்து, பொன்கல் திருடி வைத்திருக்கிறான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அது காற்றுக்குக் கதவு அடிக்காமலிருக்க அவன் பெண்சாதி சம்பங்கி, ஏரிக்கரையில் பொறுக்கி வந்து வைத்த கல். லைனில் பாதிப் பேர் அதில் கால் இடித்துக்கொண்டவர்கள்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வயசு வக்கீல் இருந்தார். முதல் தடவையிலேயே பாஸ் செய்தவர். சம்பங்கி அவரிடம் போகலாமா என்று யோசித்தாள். அக்கம்பக்கத்தார் விடவில்லை.

"ஒரே தபா எழுதிட்டு மேல வந்துட்டவரு, அவுரு இன்னாத்தக் கண்டிருப்பாரு?" என்றார் மேஸ்திரி சகாயம். "நம்ம ஐயா அஞ்சாவது லெவலுங்க."

ஆக, கேஸ் சாம்ராஜிடம் வந்தது. அவர் புத்தகத்தை முதல் தடவையாகத் திறந்தார். சட்டப்படி பார்த்தார். அது கல் என்று நிரூபிக்க வேண்டியது சர்க்காரின் பொறுப்பு. முனியப்பனே கல் என்று ஒப்புக்கொண்டால் பாதிக் கேஸ் போய்விடும். ஆகவே எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும். இதுதான் பாயிண்ட். முனியப்பன் அதை மூன்று ராத்திரி தூக்கத்திலும் சொல்லிப் பழகினான்.

கோர்ட்டில் சாம்ராஜுக்குப் பேச அனுமதி இல்லை. ஜனங்களோடு பின்னால் நின்றார். மாஜிஸ்திரேட் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். கல்லை மேஜைமேல் வைத்து இது என்ன என்று கேட்டார்.

"தெரியாதுங்க துரை."

மாஜிஸ்திரேட்டுக்கு இரக்கம் வந்தது. பயந்த ஆள் என்று நினைத்து அவரே விடையை எடுத்துக் கொடுத்தார்: கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கல்தானே? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு. முனியப்பன் திரும்பி சாம்ராஜைப் பார்த்தான். சாம்ராஜ் கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"அதுவும் தெரியாதுங்க."

"நீ சுரங்கத்தில் என்ன வேலை செய்கிறாய்?"

"கல்லு ஒடைக்கிறனுங்க துரை."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். வருஷக்கணக்காகக் கல் உடைக்கிறவனுக்குக் கல் தெரியவில்லை என்றால் அது சாதாரணக் கல்லாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மூன்று மாதம்.

வெளியே வந்ததும் சாம்ராஜ், பாயிண்ட் அருமையான பாயிண்ட், மாஜிஸ்திரேட்டுக்குத்தான் ரோமாபுரிச் சட்டம் போதாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. சம்பங்கி அழவில்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அவருக்கு மூணு மாசம்னு சொல்லிட்டாங்க," என்றாள். "உங்களுக்கு எவ்ளோன்னு சொன்னாங்களா ஐயா?"

சாம்ராஜ் கோட்டுப் பொத்தானைத் திருகினார். அந்த வருஷமும் மதராஸுக்கு ரயில் ஏறினார். மாலை போட்டவர்களில் மேஸ்திரி சகாயம் முதல் ஆள்.

வாசகரே, சிரிக்கிறீர்கள். நான் பி.எல்.லும் எழுதவில்லை, கறுப்புக் கோட்டும் போடவில்லை என்கிறீர்கள். சந்தோஷம். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஒரு தகராறைச் சொல்லிக் கலங்கி நின்றபோது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் சொல்கிற மாதிரி மட்டும் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தீர்களே? அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாரா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.