பேர் சொன்னால் போலி

மூன்றாம் உலகப் போர் தொடங்குவதற்கு முன்பாகக் கள்ளக்குறிச்சியைக் காலி செய்துவிடுவது என்று கண்ணாயிரம் முடிவெடுத்தார். போர் எந்தத் தேதியில் தொடங்கும் என்று செய்தியில் யாரும் சொல்லவில்லை. அதனால் வெள்ளிக்கிழமைக்குள் என்று அவரே வைத்துக்கொண்டார். காலண்டரில் அன்றைக்கு வளர்பிறை முகூர்த்தம் போட்டிருந்தது.

கச்சிராயபாளையம் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுவதில் கெட்டிக்காரர். கை காயிலைச் சுற்றும், காது செய்தியைச் சுற்றும். மூடியில்லாத ஒரு மிக்ஸி ஜாடியில் செல்போனைச் சாய்த்து வைத்திருப்பார். கடை திறந்ததும் ஒரு அதிர்ச்சி, டீ வந்ததும் ஒரு அதிர்ச்சி, மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போது பெரிய அதிர்ச்சியாக ஒன்று. எதற்கும் அதிராத நாள் அவருக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

ஆளில்லாமல் பறந்து வந்து குண்டு போடும் விமானத்தைப் பார்த்த அன்று, ரிப்பேருக்குக் கொடுத்த கிரைண்டரைத் திரும்ப வாங்க வந்தவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளே கெடையாதாம்பா. அப்ப செத்தவன் வூட்டுக்காரங்க யாரப் போயி கேப்பாங்க?"

வந்தவர் கிரைண்டர் கல் எங்கே என்று கேட்டார்.

இன்னொரு நாள், எந்த நாட்டிலோ ஒருவன் தன் போனுக்குள் பேசும் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான் என்று வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போன கண்ணாயிரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவி மணிமொழியிடம் சொன்னார்.

"பொண்ணு போனுக்குள்ளயே குடித்தனம் பண்ணுதாம். சார்ஜ் போட்டா போதுமாம்."

மணிமொழி தையல் மெஷினை நிறுத்தாமல் பதில் சொன்னாள். "குடுத்து வச்சவ. என்னயும் ஒரு மூலையில சார்ஜ் போட்டு வுட்டிருந்தா நானும் செத்த நேரம் படுத்திருப்பேன்."

இதெல்லாம் வந்த வழியே போயிருக்கும். போகாமல் நின்றது ஒரே ஒரு வீடியோ. எங்கோ ஒரு ஊரில் குண்டு விழுந்து ஒரு வீட்டின் முன்சுவர் மட்டும் போய்விட்டது. சமையலறை அப்படியே இருந்தது. அலமாரியில் டம்ளர்கள் கவிழ்த்தபடி இருந்தன. மேடையில் ஒரு மிக்ஸி. ஜாடியில் எதுவோ பாதி அரைத்தபடி. மற்றவர்கள் அந்த வீடியோவில் எதைப் பார்த்தார்களோ, கண்ணாயிரம் மிக்ஸியைத்தான் பார்த்தார். அரைத்தவள் எங்கே போனாள்? அன்றைக்கு முழுவதும் அவரால் ஒரு காயில்கூடச் சுற்ற முடியவில்லை. அன்று போட்டதுதான் மலைக்குப் போகும் திட்டம்.

"வெள்ளிமலைக்குப் போயிடலாம் மணி. அங்க நம்ம மூக்கன் வூட்டுக்குப் பின்னால ஒரு வூடு சும்மா கெடக்குது. கல்வராயன் மலையில எவன் வந்து குண்டு போடுவான்? அந்த வளைவுல பஸ் டிரைவரே மூணுவாட்டி ஒடிக்கிறான். ராக்கெட்டு எப்புடித் திரும்பும்?"

"அந்தக் குளிருல எவன் ஃபேன் போடுவான்? நீங்க இன்னாத்துக்குங்க காயில் சுத்துவீங்க?"

"சாமை இருக்குது, தேன் இருக்குது. சோத்துக்குக் கம்மி இல்ல."

"என் கட?"

அங்கேதான் சிக்கல். மணிமொழி இத்தனை காலமும் வீட்டுப் பரணுக்குக் கீழே, தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்து, தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தவள். இப்போதுதான் பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் ஒரு சின்னக் கடை பிடித்திருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து தைக்கலாம். போர்டுகூட எழுதி வாங்கிவிட்டாள். திறப்பு விழா வெள்ளிக்கிழமை. ஒரே முகூர்த்தத்தை இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள்.

"போர் வந்தா எவ ஜாக்கெட்டு தைக்கக் குடுப்பா?" என்றார் கண்ணாயிரம்.

"போர் வந்தா மட்டும் துணி இல்லாமயா ஓடுவாளுங்க? ஊருல பாதி முதுகு நான் தச்சது. ஒரு போர்டுலயாவது என் பேரு இருக்கட்டுங்க."

"உசுரு இருந்தாத்தான் பேரு. வெள்ளிக்கெழம நான் போயி வெத்தல பாக்கு மாத்திட்டு வந்துடறேன். சனிக்கெழம உன் மெஷின ஏத்தறோம். இனிமே இதுல பேச்சு இல்ல."

பேச்சு இல்லை என்று அவர் சொன்னால் அதன்பிறகு அவரே ஒரு மணி நேரம் பேசுவார். அன்றும் பேசினார். மணிமொழி மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை டீயோடு வந்த அதிர்ச்சி எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. திருடர்கள் கம்ப்யூட்டரை வைத்துக் குரலைக் காப்பி எடுக்கிறார்களாம். பெண்டாட்டி மாதிரியே பேசுவார்களாம். பணத்தை அனுப்பு, கதவைத் திற, சாவியைக் கொடு என்பார்களாம். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாதாம். கண்ணாயிரம் டீயை வைத்துவிட்டுக் கடையைப் பாதி சாத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். வழியிலேயே அவருக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது.

"மணி, மெஷினுக்கு நாக்கு மொளச்சிடுச்சு. உன் கொரல்லயே எனக்குப் போன் வரும். அது நீயா, போலியான்னு நான் எப்புடிக் கண்டுபிடிக்கிறது?"

"எப்புடிங்க?"

"நீ என்னய இன்னான்னு கூப்புடுவ?"

"இன்னாங்கன்னு."

"பேர் சொல்லுவியா?"

மணிமொழி காதைப் பொத்திக்கொள்ளாத குறை. கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டபோதும், "மூஞ்சில இருக்கும், ரெண்டு. அதோட பத்து நூறு சேத்துக்குங்க" என்றாள். கடைக்காரர் கணக்குப் போட்டுக் 'கண்ணாயிரம்' என்று எழுதிக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"நீ சொல்ல மாட்ட. ஆனா மெஷினுக்கு அந்தக் கூச்சம் தெரியுமா? அது பேர் சொல்லித்தான் கூப்புடும். ஆகவே, பேர் சொன்னா போலி. அது இன்னா சொல்லுதோ அதுக்கு நேர் எதிரா செஞ்சிடுவேன்."

மணிமொழியின் கை தையல் மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது.

"நேர் எதிராவா?"

"நேர் எதிரா."

"நல்ல யோசனைதாங்க."

கண்ணாயிரம் சொன்ன எந்த யோசனையையும் மணிமொழி அதுவரை நல்லது என்று சொன்னதில்லை. எதற்கெடுத்தாலும் அதிர்கிற மனிதர், அதிர வேண்டிய அந்த ஒரு இடத்தில் மட்டும் அதிரவில்லை. பெருமையாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினார். கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, வெள்ளிமலையில் இறங்கியபோது காது அடைத்திருந்தது. அவ்வளவு உயரம் வந்துவிட்ட நிம்மதி. மூக்கனும் அவர் மனைவி செங்கம்மாளும் காத்திருந்தார்கள். மரவள்ளியும் சாமையும் போடுகிறவர்கள். போன வருஷம் கிரைண்டர் ரிப்பேருக்கு வந்து பழக்கம். வெளியூர்க்காரர் குடிவருகிறார் என்று பக்கத்து வீடுகளிலிருந்தும் பத்துப் பேர் வந்து நின்றார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் தயார். தட்டைக் கை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. மலையில் அதற்குமேல் கையெழுத்து கிடையாது.

"அந்தப் போரு எதுவரைக்கும் வரும்ண்ணே?" என்று கேட்டாள் செங்கம்மாள்.

"எல்லா எடத்துக்கும் வரும்மா."

"இங்க டவரே ஒரு கம்பிக்கு மேல வரல," என்றார் மூக்கன். "போரா வரப்போவுது?"

அந்த ஒற்றைக் கம்பியில் கண்ணாயிரத்தின் போன் அடித்தது. மணிமொழி நம்பர். தன் பெண்டாட்டி எவ்வளவு பணிவாகப் பேசுவாள் என்று மலைக்காரர்களும் கேட்கட்டும் என நினைத்து அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"யோவ் கண்ணாயிரம்," என்றது போன்.

வெற்றிலைத் தட்டோடு மூக்கன் அப்படியே நின்றார். செங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்யா மணிமொழி பேசறேன். இங்க வாசல்ல குட்டியானை வண்டி வந்து நிக்குது. தையல் மெஷின ஏத்தியாச்சு. வூட்டப் பூட்டிக்கினு கெளம்பறேன். நீ வெத்தல பாக்க மாத்திக்கினு அங்கயே ரெண்டு நாளு இரு, கண்ணாயிரம். அவசரமா ஓடியாந்துக்கினு இருக்காத. கேக்குதாய்யா?"

கண்ணாயிரம் சட்டென்று போனை அமுக்கினார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, வெற்றி.

"பாத்தீங்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இது என் பொண்டாட்டி இல்ல. மெஷினு. கொரலக் காப்பி எடுத்திருக்கானுங்க. நம்பரையும் சேத்துத் திருடிட்டானுங்க. வூட்டுல பூந்து வண்டியில ஏத்தறானுங்க. நான் இங்கயே இருக்கணுமாம். வெத்தல பாக்கு மாத்தணுமாம். மாத்துவனா?"

"மெஷினா?" என்றாள் செங்கம்மாள். "பொண்டாட்டி பேசற மாதிரியே இருக்குது."

"அதாம்மா காப்பி."

திரும்பக் கூப்பிட்டால் திருடன்தானே எடுப்பான்? தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டார். மணி எங்கே? அவளைக் கட்டிப் போட்டிருப்பார்களா? மேடையில் பாதி அரைத்த ஜாடி இருக்குமா? போர் தன் வீட்டுக்கே வந்துவிட்டது, அதுவும் குட்டியானையில். இத்தனைக்கு நடுவிலும், வெளியே சொல்லக் கூசும்படி, அவருக்கு இன்னொன்றும் தோன்றியது. அந்தக் குரலில் தன் பேரை அவர் கேட்டதே இல்லை. போலியாக இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். பரணுக்குக் கீழே மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. எதிர்வீட்டு இருசம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திருடனுங்க எப்ப வந்தானுங்க? மணிய இன்னா பண்ணானுங்க?"

"திருடனா? உம் பொண்டாட்டி கட தெறப்புக்குப் போயிருக்குதுப்பா. உங்கிட்ட போன்ல சொல்லிட்டுத்தான் போறேன்னு சொல்லிச்சு. நான் பொங்கல் சாப்டுட்டே வந்துட்டேன். முந்திரி ஜாஸ்தி."

சந்துக்குள் கண்ணாயிரம் நுழைந்தபோது கடை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. போர்டுக்கு மாலை. உள்ளே, தலை இடிக்காத கூரைக்குக் கீழே, மணிமொழி நிமிர்ந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் துணியோடு நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். அவளை முழுசாகப் பார்த்ததும் அவருக்கு முதலில் அழுகை வந்தது. பிறகுதான் கோபம்.

"போன்ல பேசினது நீதானா?"

"எந்தப் போனுங்க?"

"யோவ்னு சொல்லி, பேர் சொல்லி..."

"அய்ய, உங்க பேர நான் சொல்லுவனா? ரேஷன் கடையிலயே சொன்னதில்லயே."

காத்திருந்த பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"அப்ப என்னக் கேக்காம எப்புடி மெஷின ஏத்தின?"

"கேக்காம இன்னாங்க? போன் போட்டுச் சொன்னேன். நீங்கதான் பாதியில கட் பண்ணிட்டீங்க."

"அப்ப நீதான்."

"பேர் சொல்லிச்சுன்னு சொன்னீங்களே. பேர் சொன்னா போலின்னு சட்டம் போட்டது நீங்கதான." மணிமொழி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. பேசினது நான்தான்னா, உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் கட தெறந்தேன். மெஷின்தான்னா, நீங்க சொன்ன மாதிரியே நேர் எதிரா செஞ்சி, நல்ல நேரத்துக்கு வந்து சேந்துட்டீங்க. எப்புடிப் பாத்தாலும் எம்மேல இன்னாங்க தப்பு?"

கண்ணாயிரம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. எடுத்தார். காலையில் போட்ட ஸ்பீக்கர் பழக்கத்தில் விரல் அங்கேயே போனது.

"அண்ணே, மூக்கன் பேசறேன். பத்திரமாப் போயிட்டீங்களா? இங்க ஊரே ஒரே பேச்சா கெடக்குது. செங்கம்மா கேக்கச் சொல்லுது. நெசமாவே அது மெஷினா, இல்ல அண்ணிதான் உங்கள அப்புடி வாயா போயான்னு பேசிச்சா?"

பெண்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். மேலே ஒரு மலையே காத்திருந்தது. பெண்டாட்டி பேர் சொல்லி அதட்டினாள் என்று சொல்வதா? அதற்கு மூன்றாம் உலகப் போரே மேல்.

"மெஷின்தாம்பா," என்றார் கண்ணாயிரம்.

மணிமொழி அடுத்த ஜாக்கெட்டை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.

"சரிங்க. நாளையில இருந்து எனக்கு வூட்டுல நேரம் கம்மி. உலையில அரிசிய எப்பப் போடணும்னு அந்த மெஷினே உங்களக் கூப்புட்டுச் சொல்லும்."