பெண்டாட்டியும் பென்குயினும்

மேக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். தாமரையிடம் கேட்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். கேட்டால் கிடைக்காது. கேட்காமல் வாங்கினால் அந்த வீட்டில் மேக்கும் இருக்க முடியாது, நானும் இருக்க முடியாது. ஆகவே, "மேக் வாங்குங்க" என்று அவளே என்னிடம் கெஞ்ச வேண்டும். அதற்காக நான் போட்ட திட்டம் அவ்வளவு கச்சிதமானது.

என் பெயர் குகன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். கிள்ளானில் வீடு. எடிட்டிங் எல்லாம் வீட்டில்தான். கல்யாணங்களை வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்பது தொழில். கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த எத்தனையோ மாமியார்களை ஸ்லோமோஷனில் அழவைத்திருக்கிறேன்.

தாமரை என் மனைவி. போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை. கப்பலில் வரும் சரக்குக்கான சுங்கப் பாரங்களைச் சரிபார்ப்பாள். நாற்பது பக்கப் பாரத்தில் முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு எழுத்து தப்பாயிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்டவளை ஏமாற்றலாம் என்று எந்தத் தைரியத்தில் நினைத்தேன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நான் நல்ல தைரியத்தில் இருந்தேன்.

என் கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க் படுத்துவிட்டது. புது டிஸ்க் போட்டேன். புது டிஸ்க் என்பது காலி வீடு மாதிரி. எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் குடிவைக்கலாம். அப்போதுதான் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் துணிக்கடைகளுக்கு விளம்பரப் படம் செய்யும் யாசினின் புது மேக்கைப் பார்க்கப் போனேன். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். தொட்டும் பார்த்துவிட்டேன்.

கிளம்பும்போது யாசினிடம் பேச்சுவாக்கில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் பற்றி விசாரித்தேன். நாம் வழக்கமாக வேலை செய்யும் எடிட்டிங் சாஃப்ட்வேர் லினக்ஸிலும் ஓடுமாம். ஆனால், நம் கேமரா ஃபைலைப் போட்டால் படம் மட்டும்தான் வருமாம், சவுண்டு வராதாம். நிச்சயமாக வராதா என்று மூன்று தடவை கேட்டேன். நிச்சயமாக வராது என்று அவர் மூன்று தடவையும் சொன்னார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். தாமரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குரலில் தியாகத்தைக் கலந்துகொண்டேன்.

"தாமரை, நாம சிக்கனமா இருக்கணும். மேக், விண்டோஸ் எதுவும் வேணாம். லினக்ஸ் போடப் போறேன். இலவசம்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேலைக்கு ஆகுமா?"

"சினிமாவுக்கு கிராஃபிக்ஸ் செய்ற பெரிய பெரிய கம்பெனிங்களே அதுலதான் வேலை செய்றாங்க லா."

"அப்ப சரிங்க. உங்க தொழில், உங்களுக்குத் தெரியாததா?"

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற பெயரிலேயே முதலில் நிற்பது 'ஆப்பு'தான் என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

அன்றே லினக்ஸ் போட்டேன். திரையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் வந்து நின்றது. தாமரை அதை அழகாயிருக்கிறது என்றாள். பதினாறு வருடத்தில் என் கம்ப்யூட்டரில் அவள் பாராட்டிய முதல் விஷயம் அது.

அப்போது என் கையில் இருந்தது காஜாங் இராமலிங்கம் வீட்டுக் கல்யாணம். இராமலிங்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் வாணிக்குக் கோயிலில் தாலி கட்டியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு கிள்ளானில் ஒரு மண்டபத்தில் மதிய விருந்து. அறுநூறு பேர் முன்னால், பெரிய திரையில், நான் செய்த இருபது நிமிடப் படம் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அந்த அறுநூறு பேரில் ஒருவர்கூட இனி என்னைக் கூப்பிட மாட்டார். இராமலிங்கமோ தினமும் காலை ஏழு மணிக்கு போன் செய்து, படம் எந்த அளவில் இருக்கிறது என்று வீட்டுப்பாடம் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கணக்கு இதுதான். திங்கட்கிழமை சவுண்டு வராது. செவ்வாய்க்கிழமை தாமரை பதறுவாள். புதன்கிழமை மேக் வரும். வெள்ளிக்குள் படத்தை முடித்துவிடுவேன்.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்தவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஸ்பீக்கரை முழுசாகத் திருகிவைத்து, சவுண்டு வரவே இல்லை என்பதை நிரூபித்தேன். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதினார், ஒன்றும் கேட்கவில்லை. ஐயர் உதட்டை மட்டும் அசைத்தார். இராமலிங்கம் ஊமைப் படத்தில் அழுவதுபோல அழுதார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். கண்ணாடி முன்னால் காலையிலேயே பழகி வைத்திருந்த முகம் அது.

"ஞாயித்துக்கிழமை அறுநூறு பேர் முன்னால மானம் போகப் போகுது, தாமரை. இனி ஒரே வழிதான்…" என்று இழுத்து நிறுத்தினேன். மீதி வார்த்தையை அவள் சொல்ல வேண்டும். சொன்னாள்.

"சவுண்டை மாத்தணும். கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். ஒரு டீ போடச் சொன்னாள். நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் நாலைந்து பக்கங்களைத் திறந்து, சுங்கப் பாரம் படிப்பதுபோல விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்கு விளக்கினாள்.

"ஒரு கன்டெய்னர்ல ரெண்டு சரக்கு இருக்கு. ஒண்ணு படம், இன்னொண்ணு சவுண்டு. லினக்ஸ்காரன் படத்தை விட்டுட்டான், சவுண்டை நிறுத்தி வச்சுட்டான். சரக்கு மேல தப்பில்லைங்க, பேக்கிங்தான் அவனுக்கு ஆகலை. வேற பெட்டியில மாத்திப் போட்டா விட்டுடுவான்."

ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு கட்டளை வரி அடித்தாள். பிறகு வீடியோவைத் தட்டினாள். நான் ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கெட்டிமேளம் கிளம்பிய வேகத்தில் என் கையிலிருந்த டீ சட்டை மேல் கொட்டியது. பக்கத்து வீட்டு ஆன்டி வேலி ஓரம் வந்து, வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

நான் விடவில்லை. ஒரு ஃபைலுக்குச் சரி, முன்னூற்று எழுபது ஃபைல் இருக்கிறதே, ஒவ்வொன்றாக மாற்றினால் பேரன் கல்யாணம்தான் வரும் என்றேன். அவள் அந்த வரியோடு இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தாள். முன்னூற்று எழுபதும் வரிசையில் நின்று மாறிக்கொண்டன. நான் சட்டை மாற்றிவிட்டு வருவதற்குள் பாதி முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை, மணமக்கள் பெயரைத் தமிழில் போட்டால் எழுத்து உடைகிறது என்று புகார் வைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதைச் சரிசெய்தாள். புதன்கிழமை, பட்டுப்புடவையின் சிவப்பு சரியாக வரவில்லை என்றேன். கேமராவில் நான்தான் செட்டிங்கைத் தப்பாக வைத்திருந்தேன் என்று கண்டுபிடித்தாள். வியாழக்கிழமை என்னிடம் புகார் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து எடிட் செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் படம் ஓடியது. இராமலிங்கம் திரையிலும் அழுதார், திரைக்கு முன்னாலும் அழுதார். இந்தத் தடவை இரண்டுமே நன்றாகக் கேட்டன. அறுநூறு பேரும் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். கொஞ்ச நேரம் மேக்கையே மறந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சீதாலெட்சுமி எங்கள் மேசைக்கு வந்தார். பிரிக்பீல்ட்ஸில் வீடியோ எடிட்டர்களுக்கு வகுப்பு நடத்துகிறவர். எந்த மெஷினில் செய்தது என்று கேட்டார். நான் வாயிலிருந்த அப்பளத்தை விழுங்குவதற்குள் தாமரை பதில் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் லினக்ஸ்தான்க்கா. தொழில்முறை எடிட்டிங்குக்கு அதைத் தவிர வேற எதுவும் வேணாம்னு இவர்தான் சொல்வார். நீங்க கூப்பிட்டா வந்து வகுப்பே எடுப்பார். அடுத்த ஞாயிறு ஃப்ரீயாத்தான் இருக்கார்."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டுவிட்டேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க லினக்ஸ்னு சொன்ன அன்னைக்கே."

"எப்படி?"

"கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு. இலவசமா கிடைக்கிற எதையும் நீங்க ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை."

"அப்ப ஏன் சரின்னு சொன்ன?"

"வேலைக்கு ஆகும்னு சொன்னீங்க. அன்னைக்கே படிச்சுப் பார்த்தேன். நீங்க பொய்னு நினைச்சுச் சொன்னீங்க, ஆனா உண்மையாவே ஆகுமாம்."

அடுத்த ஞாயிறு சீதாலெட்சுமியின் வகுப்புக்கு இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். தாமரை முதல் வரிசை. நானும் பிரமாதமாகப் பேசினேன். தாமரையின் கன்டெய்னர் கதையை என் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரியே விளக்கினேன். கடைசியில் சந்தேகம் கேட்கலாம் என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"சார், எடிட்டிங்னா மேக்தான் வேணும்னு எங்க வீட்டுக்காரர் ஒரு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கார். வாங்கலாமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் என்னையே பார்த்தார். இரண்டு கையையும் மடியில் சேர்த்து, யாருக்கும் தெரியாமல் கும்பிட்டார். நான் முதல் வரிசையைப் பார்த்தேன்.

"வேணாம்மா," என்றேன், "லினக்ஸ் போதும்."