பெரஹராவுக்கு முன்னால ஒரு 'ஏலாது'

"மிஸ், எனக்கு 'ஏலாது'ண்ட சொல்லு மட்டும் வாயில வருதில்ல."

அம்பிட்டியில கவுன்சலிங் செய்ற ஐரின் மிஸ்ஸுக்கு முன்னால, கதிரை நுனியில இருந்துகிட்டு முஹ்ஸின் சொன்னாரு.

குண்டசாலையில அவருக்கு ரெண்டு அறை வீடு. வருஷா வருஷம் கண்டி பெரஹரா ஊர்வலம் பாக்க புத்தளத்துல இருந்து தம்பி பாரூக் குடும்பத்தோட வந்து நிறைஞ்சிடுவாரு. முஹ்ஸினும் பொஞ்சாதி மஸாஹிராவும் குசினியில அடுப்புக்குப் பக்கத்துல படுக்கணும். இந்த முற மஸாஹிரா முடிவா சொல்லிட்டா. "நீங்க ஏலாதுண்டு சொல்லப் பழகல்லண்டா நான் உம்மா வீட்ட போயிடுவன்!"

'நானா'ண்டு அண்ணன் முறையில கூப்பிட்டு மிஸ் கேட்டா, "அந்தச் சொல்ல சொல்லப் போகக்குள்ள உடம்புல எங்க புடிக்குது நானா?"

"முழங்கால்ல மிஸ்."

"அது வேற டொக்டர். கண்ணாடிக்கு முன்னால நின்டு சொல்லிப் பழகுங்க."

பழகினாரு. தன்ட ஹார்ட்வெயார் கடைக் கண்ணாடியில. பெயின்ட் வாங்க வந்த மனிசன் "ஏலாது! ஏலாது!"ண்ட சத்தத்தக் கேட்டு பக்கத்துக் கடைக்குப் போயிட்டாரு.

"அப்ப ஒரு காரணத்தோட சொல்லிப் பாருங்க," என்டா மிஸ்.

பாரூக் ஃபோன்ல கோல் எடுக்கக்குள்ள முஹ்ஸின் சொன்னாரு, "தம்பி, இங்க கூரை ஒழுகுது."

"அல்லாஹ்! முதல்லயே சொல்லியிருக்கலாமே நானா! எங்கட மேசன் பாஸையும் கூட்டிட்டு வாறேன். அவருட பொஞ்சாதியும் பெரஹரா பாத்ததில்லையாம்."

முஹ்ஸின் விரல் விட்டு எண்ணிப் பாத்தாரு. குறைக்கப் போய் ரெண்டு பேர் கூடிட்டாங்களே?

"இனிக் காரணமே வேணாம்," என்டா மிஸ். "இங்கயே, எனக்கு முன்னாலயே கோல் எடுங்க."

முஹ்ஸின் கண்ண மூடிக்கிட்டாரு. "பாரூக், இந்த முற ஏலாது."

அந்தப் பக்கம் பாரூக் சொன்னாரு, "சரி நானா."

"பாத்தீங்களா? நீங்க வளந்துட்டீங்க நானா!"

அம்பது வயசுல வளந்தத நெனச்சு முஹ்ஸினுக்கு கண் கலங்கிட்டு.

பெரஹரா அன்னைக்கு கடைய வெள்ளன மூடிட்டு, மஸாஹிராவுக்கு பிடிச்ச தொதல் இனிப்பு கட்டிக்கிட்டு வீட்ட போனாரு. வாசல்ல ஒரு குவியல் செருப்பு. ஒழுகாத கூரைக்கு மேல யாரோ சுத்தியலால தட்டுறாங்க. ஹோல்ல பாரூக் பிளேன்டி குடிச்சிக்கிட்டு இருக்காரு. குசினியில மஸாஹிரா பாய் விரிக்கிறா. இவரக் கண்டதும் முகத்த அங்கால திருப்பிக்கிட்டா.

"டேய், நான் ஏலாதுண்டு சொன்னேனே!"

பாரூக் கோப்பையக் கீழ வச்சாரு.

"சொன்னீங்கதான் நானா. ஆனா வருஷா வருஷம் எங்களக் கூப்பிடுற மதினிதானே? இந்த முறயும் அவங்கதான் கூப்பிட்டாங்க. உங்கள்ட்ட கேக்கிற சும்மா ஒரு மரியாதைக்கு."