கொல்லையில் கொட்டிய செம்மண்

நீலமேகம் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அவரை யாராலும் அசைக்க முடியாது, மனைவி கெங்கம்மா வீட்டுக்கு வரும்வரை. அன்று அவர் எடுத்த முடிவு, திருவொற்றியூர் ஓட்டு வீட்டின் குட்டு வெளிப்படாமல் மூடுவது.

குட்டு கொல்லையில் இருந்தது. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை அவருடைய அப்பா காலமெல்லாம் அங்கேதான் உருக்கி வார்த்தார். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்ததும் அங்கேதான். அடுப்பு இருந்த மூலையில் இன்றுவரை புல்கூட முளைக்கவில்லை. இப்போது வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட குணசேகரன் என்ற பில்டர் வந்திருந்தார். நீலமேகத்துக்குக் கடல் பார்த்த பால்கனியோடு ஒரு வீடு. ஆனால் குணசேகரன் வேறொரு மனையில் கழிவு ஆயில் ஊறிய மண்ணைத் தோண்டிச் சூடுபட்டவர். சோதிக்காமல் கையெழுத்து இல்லை என்றுவிட்டார்.

சோதிக்க வந்தவள் மங்கை என்ற பொறியாளர். முதல் நாள் வெறும் விசாரணைதான். முன்பு இங்கே என்ன தொழில் நடந்தது என்று கேட்டாள். பூச்செடி வைத்திருந்தோம் என்றார் நீலமேகம், முகம் மாறாமல். மங்கையை வழியனுப்பத் தெருமுனை வரை போன கெங்கம்மா, வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினாள். அப்போதே நம்ம ஆள் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் கெங்கம்மா காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போன சமயம் பார்த்து, லாரிக்காரன் ஒருவன் சொன்ன யோசனைப்படி மாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு லாரி செம்மண் வரவழைத்து, கொல்லை முழுக்க முழ உயரத்துக்கு நிரவினார். சுற்றிலும் கடல் மணல்; நடுவில் இவர் கொல்லை மட்டும் செக்கச்செவேல். திரும்பி வந்த கெங்கம்மா ஒரு கை அள்ளிப் பார்த்து, நல்ல மண் என்றாள். நீலமேகத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் காலை மங்கை இரும்புக் குழாயோடு வந்தாள். கொல்லைக் கதவைப் பெருமையாகத் திறந்த நீலமேகம் அப்படியே நின்றுவிட்டார். பழைய வலைகளை விரித்து, கொல்லை முழுக்க நெத்திலி காயப் போட்டிருந்தது. அடுப்பு இருந்த மூலை மட்டும் காலி. அங்கே செம்மண்ணைக்கூட யாரோ சுத்தமாக வழித்து எடுத்திருந்தார்கள்.

"இன்னாமே இது?"

"புது மண்ணு சுத்தமாக் கீதேன்னு காயப்போட்டேன்."

"அந்தப் பொண்ணு மண்ணு எடுக்கணுமே. ஓரமா நவுத்து."

"காயுற கருவாட்டத் தாண்டுனா வலையில மீனு வுயாதுன்னு உங்கம்மாதான் சொல்லிக்கினே இருப்பாங்க. நீ வேணா தாண்டு, மாமா."

சின்ன வயதில் அதற்காகவே அம்மாவிடம் விளக்குமாற்றடி வாங்கியவர் அவர். கால் எழவில்லை. மங்கை யாரும் சொல்லாமலே மூலைக்குப் போய்க் குழாயை இறக்கினாள்.

அவள் போனதும் பால்கனி போச்சே என்று நீலமேகம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கெங்கம்மா, மகள் பவானியின் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றாள்.

"சிவந்தி இப்பதான் தவழுறா. கையில கெடைக்கிற மண்ணெல்லாம் வாயில போட்டுக்கினு கீறா. இவள அந்த ஈயத்து மேல வெளையாட வுட சொல்றியா?"

நீலமேகம் பேத்தியின் விரல்களில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துண்டால் துடைத்துவிட்டார்.

மண்ணில் ஈயம் மிக அதிகம் என்று முடிவு வந்தது. குணசேகரன் நேரிலேயே வந்தார். கட்டும்போது தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போயிருப்பாராம். முன்கூட்டியே தெரிந்ததால், கெட்ட மண்ணைத் தன் செலவிலேயே தோண்டி அப்புறப்படுத்திவிட்டுத்தான் அஸ்திவாரம் போடுவாராம். அன்று தெருமுனையில் நின்று கெங்கம்மா கேட்டுத் தெரிந்துகொண்டதே இதைத்தான். பால்கனியும் பத்திரம், பேத்தியும் பத்திரம். இவ்வளவு மூளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு லாரிக்காரனிடம் யோசனை கேட்டோமே என்று நீலமேகம் மனைவியை வாய்பிளந்து பார்த்தார். கட்டினால் இவளைப் போல் ஒருத்தியைக் கட்ட வேண்டும் என்று மனசார நினைத்தார்.

கெங்கம்மா உள்ளே போய் மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கீய கீற கெட்ட மண்ண அவங்க அள்ளிக்குவாங்களாம். மேல கீற செம்மண்ண, கொட்டுனவங்கதான் அள்ளணுமாம்."